நாற்பத்திரண்டாம் நம்பரின் செடி

ஜூன் 15

அப்பாவுக்கு,

உங்க சில்வண்டு எழுதறேன். எனக்குச் சளி, காய்ச்சல் ஒண்ணும் இல்ல. உங்க முதுகுவலி எப்படி இருக்கு? கடல் ரொம்ப ஆட்டுதா? நீங்க வைக்கிற சூப்புல உப்பு கம்மின்னு அந்தக் கப்பல் மெக்கானிக் மாமா இன்னும் சண்டை போடறாரா?

போன வாரம் நீங்க கப்பல்லேர்ந்து போன் பண்ணப்ப "கேக்குதா, கேக்குதா"ன்னு ரெண்டு பேரும் கத்தினதுதான் மிச்சம். வார்டன் வேற பக்கத்துலயே நின்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அதனால நீங்க சொன்ன மாதிரி லெட்டரே எழுதறேன். கம்பெனி ஆபீஸுக்கு அனுப்பினா அடுத்த துறைமுகத்துல உங்க கைக்கு வந்துடும்தானே?

ஹாஸ்டல் ஸ்கூல் கட்டடத்தோட மூணாவது மாடியிலதான் இருக்கு. பதினாறு கட்டில். என்னோடது தண்ணி ஃபில்டர் பக்கத்துல. யாராவது தண்ணி பிடிச்சா களக்னு ஒரு சத்தம் வரும், பழகிடுச்சு.

ஸ்கூல்ல தோட்டம் போடப் போறோம்! இங்க தரை முழுக்க சிமெண்ட்டுப்பா. ஒரு புல்லு கூட கிடையாது. சயின்ஸ் டீச்சர் ஸ்டோர் ரூம்ல கிடந்த உடைஞ்ச மேஜைங்களோட இழுப்பறையெல்லாம் வெளியில எடுத்துட்டாங்க. அதுல ஓட்டை போட்டு, மண்ணு கொட்டி, செடி வைக்கணும். டிரில் மாஸ்டருக்குத்தான் கோபம், வாலிபால் ஆடற இடம் போச்சாம். ரெண்டு ரெண்டு பேருக்கு ஒரு இழுப்பறை. ஆளுக்கு ஒரு பை மண் வீட்டுலேர்ந்து கொண்டு வரணும். என்ன கூத்து தெரியுமா? ஒருத்தன் வீடு கட்டற மணலைக் கொண்டு வந்தான். ஒருத்தி பூனை கக்கா போற மண்ணைக் கொண்டு வந்துட்டா! கிளாஸே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுச்சு.

நான் ஹாஸ்டல்தானே, மண்ணுக்கு எங்க போறது? என் ஜோடிதான் ரெண்டு பை கொண்டு வந்தா. நான் ரோல் நம்பர் 41, அவ 42. நாங்க ரெண்டு பேரும் பேரே சொல்லிக்கிறதில்ல, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டுதான். வெயிலைப் பாத்தா அவளுக்கு மூணு தும்மல் வரும். எது கொட்டினாலும் உடைஞ்சாலும் "போகுது விடு"ம்பா. நல்லவப்பா.

கிளம்பறப்ப என்ன சொன்னீங்க? "பெரியம்மா வீடு மாதிரி இருக்காது. ஒட்டலைன்னா ஒளிக்காம எழுது, அக்டோபர்ல அடுத்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாம கரைக்கு வந்துடறேன்"னு சொன்னீங்களே. அதெல்லாம் வேண்டாம்பா. ஒட்டிடுச்சு.

நேரத்துக்குச் சாப்பிடுங்க. அடுத்தவங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு நீங்க பட்டினி கிடக்காதீங்க.

உங்க சில்வண்டு


ஜூலை 9

என் சில்வண்டுக்கு,

அப்பா நல்லா இருக்கேன். முதுகு அது பாட்டுக்கு வலிக்குது, நான் என் பாட்டுக்குச் சமைக்கிறேன். உன் லெட்டரை எண்ணெய்க் கையோட தொடக்கூடாதுன்னு சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துதான் பிரிச்சேன். நீ சாப்பிடறியா? இளைச்சிருந்தா வார்டனைக் கேக்க மாட்டேன், உன்னைத்தான் கேப்பேன்.

கடல் இந்த வாரம் பேயாட்டம். பானையைக் கம்பியால கட்டி வச்சுக் கஞ்சி காய்ச்சினேன். மெக்கானிக் மாமா மூணு நாளா வாந்தி, அதனால சூப்புல உப்பைப் பத்திப் பேச்சே இல்ல!

பூனை மண்ணைப் படிச்சுட்டுத் தனியா சிரிச்சேன். என்ன ஆச்சுன்னு கேப்டன் எட்டிப் பாத்துட்டுப் போனார்.

உன் ஜோடியைப் பத்தி எழுதினியே. மூணு தும்மலா? சரியா மூணா, இல்ல சில நாள் ரெண்டா? எண்ணிப் பாத்தியா? அவளைப் பத்தி இன்னும் எழுது. தோட்டத்தைப் பத்திக் கம்மியா எழுதினாலும் பரவாயில்ல.

ஒரு யோசனை. ஹாஸ்டல் சமையலறையில அரிசி கழுவின தண்ணியைக் கொட்ட வேண்டாம்னு சொல்லி வாங்கிக்கோ. செடிக்கு அதை விட நல்ல சாப்பாடு கிடையாது. நம்ம வீட்டு ஜன்னல்ல இருந்த புதினா அதைக் குடிச்சுத்தான் அப்படி வளந்துச்சு. ஞாபகம் இருக்கா?

அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. நீ ஒருத்தி சிரிச்சா எனக்குப் போதும். ஒட்டிடுச்சுன்னு எழுதினதைப் பத்துத் தடவை படிச்சேன்.

தலைக்கு எண்ணெய் வை.

அப்பா


ஜூலை 30

அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். ஒரு இஞ்ச் வளந்திருக்கேன், ஹாஸ்டல் கதவுல கோடு போட்டுப் பாத்தேன். உங்க முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கறீங்களா?

எங்க இழுப்பறை சுவரோரத்துல இருக்கு. வெயில் வராத இடம்ப்பா அது. தெற்குப் பக்கம் ரெண்டு பெரிய கட்டடம் நிக்குது. மேல ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் ஏசியிலேர்ந்து சொட்டு சொட்டா தண்ணி வேற விழுது. மத்தவங்க இழுப்பறையில பீன்ஸ் நாலு இலை விட்டுடுச்சு, எங்களோடது இப்பத்தான் தலையைத் தூக்குது. "வளராதுடி, வேற இடம் கேப்போமா"ன்னு நான் புலம்பினேன். 42 தான் "போகுது விடு, மெதுவா வரட்டும்"னா.

தும்மல் சரியா மூணுதான். எண்ணிட்டேன். மூணாவது முடிஞ்சதும் "ஆச்சு"ன்னு அவளே சொல்லுவா. அவ பாட்டுப் பாடறது இன்னும் வேடிக்கை. முதல் வரி மட்டும்தான் வார்த்தை, மிச்சமெல்லாம் நநநநா! ஆரஞ்சு உரிச்சா தோல் அறுபடாம ஒரே சுருளா வரும். அதைக் காதுல மாட்டிக்கிட்டுத் தலையை ஆட்டுவா. டிரில் மாஸ்டர் முறைச்சாலும் கண்டுக்க மாட்டா.

அரிசித் தண்ணி கேட்டேன். சமையல்கார அம்மா தினமும் ஒரு பச்சை வாளியில ஊத்திப் பின் படிக்கட்டுக்கு அடியில வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க. யாரும் கேக்காததைக் கேட்டியே, யாரு சொல்லிக் கொடுத்ததுன்னாங்க. எங்கப்பா கப்பல் சமையல்காரர்னு சொன்னேன். அன்னிக்கு எனக்கு முட்டை பெருசா வந்துச்சு.

மெக்கானிக் மாமாவுக்கும் வணக்கம் சொல்லுங்க.

உங்க சில்வண்டு


ஆகஸ்ட் 25

என் சில்வண்டுக்கு,

அப்பாவுக்கு ஒரு குறையும் இல்ல. வலது கையில சூடு பட்டு ரெண்டு நாளா இடது கையாலதான் வெங்காயம் நறுக்கறேன், இதை எழுதறதும் அதே கைதான். கோணல் கையெழுத்தைப் பாத்துப் பயந்துடாதே.

ஒரு இஞ்ச் வளந்தியா! நான் பாக்காத இஞ்ச் எத்தனை ஆச்சோ.

ஆரஞ்சுத் தோல் விஷயத்தைப் படிச்சுட்டு ஸ்டோருக்குப் போய் ஒரு ஆரஞ்சு எடுத்து நானும் உரிச்சுப் பாத்தேன். மூணாவது சுத்துல அறுந்துடுச்சு. அந்தக் கை எல்லாருக்கும் வராது.

அவ சிரிக்கறப்ப வாயைப் பொத்திக்குவாளா? சும்மா கேக்கறேன். அவ என்ன கலர்ல ரிப்பன் கட்டுவா? கோபம் வந்தா கத்துவாளா, இல்ல பாத்திரத்தை... இல்ல, அது வேண்டாம், சின்னப் பொண்ணுக்கு ஏது பாத்திரம். தோணினதை எழுதும்மா.

அக்டோபர் முதல் வாரம் ஒப்பந்தக் காகிதம் வருது. போட்டா இன்னும் ஒன்றரை வருஷம். போடலைன்னா நவம்பர்ல கரை. நான் ஒண்ணும் சொல்லல, நீ சொல்றதுதான். கரைன்னா உனக்குச் சோறு ஆக்கிப் போட்டுட்டு ஏதாவது கேண்டீன்ல வேலை பாப்பேன். வயித்துக்குக் குறை வராது. மனசுல இருக்கறதை ஒளிக்காம எழுது.

மழைக்காலம், ஈரத் தலையோட தூங்காதே.

அப்பா


செப்டம்பர் 12

அப்பாவுக்கு,

கை ஆறிடுச்சான்னு முதல்ல எழுதுங்க. இடது கை எழுத்தைப் பாத்ததும் வேற யாரோ எழுதியிருக்காங்கன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். நான் நல்லா இருக்கேன்.

ஆமாப்பா! வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா! உங்களுக்கு எப்படித் தெரியும்? ரிப்பன் நீலம். கோபம் வந்தா கத்த மாட்டா, பேசாம எல்லாரோட செருப்பையும் வரிசையா நேரா அடுக்கி வைப்பா. அதைப் பாத்தாலே எல்லாரும் நடுங்குவாங்க.

நாளையிலேர்ந்து பத்து நாள் லீவு. எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க. இருபத்தியொரு இழுப்பறைக்கும் தண்ணி ஊத்த ஆள் வேணும்னு டீச்சர் கேட்டாங்க. ஒருத்தரும் கை தூக்கல. நாங்க ரெண்டு பேரும் தூக்கினோம். 42 கூட லீவுக்கு இங்கதான் இருக்கா, அவங்க வீட்டுல ஏதோ வேலையாம். அதனால நான் தனியா இல்ல. நீங்க கவலைப்படவே வேண்டாம். எங்களுக்கு ரொம்ப ஜாலி.

பெரியம்மாவுக்கு எழுதினேன். வீட்டுல பெயிண்ட் அடிக்கறாங்களாம், அடுத்த லீவுக்கு வரச் சொன்னாங்க.

காகிதத்துல கையெழுத்துப் போடுங்கப்பா. கப்பல்ல இருந்தா நீங்க நல்லா இருக்கீங்க. எனக்கு 42 இருக்கா.

உங்க சில்வண்டு


செப்டம்பர் 28

அப்பாவுக்கு,

உங்க லெட்டர் வரதுக்குள்ள இன்னொண்ணு எழுதறேன். எனக்கு மூக்கடைப்பு மட்டும்தான், மாத்திரை போட்டாச்சு. நீங்க எப்படி இருக்கீங்க?

42 ஒரு தப்புப் பண்ணிட்டா. லீவுல ஒரு நாள் பின் படிக்கட்டுக்குக் கீழ பச்சை வாளியில வெள்ளையா தண்ணி இருந்துச்சு. அரிசி கழுவின தண்ணின்னு நினைச்சு இருபத்தியொரு இழுப்பறைக்கும் மொண்டு மொண்டு ஊத்திட்டா. ஆளே இல்லாத ஹாஸ்டல்ல அவ்வளவு அரிசி எதுக்குக் கழுவப் போறாங்கன்னு அவளுக்குத் தோணல. துப்புரவு அக்கா லீவுல போயிருந்தாங்க, அவங்களுக்குப் பதிலா வந்தவங்க வாளி மாத்தி ஃபினாயில் கலந்து வச்சுட்டாங்க. அவளுக்கு மூக்கடைப்பு, வாசனையே தெரியல. மறுநாள் இலையெல்லாம் சுருண்டுடுச்சு. லீவு முடிஞ்சு எல்லாரும் வரப்ப ஒரு செடி கூட இல்லப்பா. தக்காளி காய்ச்சிருந்தது, அதுவும் போச்சு.

கிளாஸ்ல யாரும் அவளைத் திட்டல. திட்டினா கூடத் தேவலை. அவ வந்தா பேச்சை நிறுத்திடறாங்க. சாப்பாட்டு மேஜையில அவளுக்கு ரெண்டு பக்கமும் காலி. மண்ணையெல்லாம் மாத்தணும், மறுபடியும் வீட்டுலேர்ந்து கொண்டு வரணும்னதும் ஒருத்தி "யாரு கொட்டினாங்களோ அவங்களே கொண்டு வரட்டும்"னா. மூணு நாளா அவதான் கெட்டுப்போன மண்ணை வாளி வாளியா எடுத்து வெளியில போடறா. "போகுது விடு"ன்னு சொல்லிப் பாக்கறா. வாய் வரல.

நான் அவகூடத்தான் இருக்கேன். அவளுக்கு என்ன சொல்லணும்னு நீங்க எழுதுங்கப்பா. சீக்கிரம் எழுதுங்க.

உங்க சில்வண்டு


அக்டோபர் 4

என் சில்வண்டுக்கு,

கை ஆறி, பழைய கோழிக் கிறுக்கல் திரும்பிடுச்சு பாரு. நீ சுகமா? பன்னிரண்டாம் தேதி லெட்டர் நேத்துத்தான் கிடைச்சது. துறைமுகத்துல ஆறு மணி நேரம்தான் நின்னோம். கம்பெனி ஆள் காகிதத்தோட வந்திருந்தார்.

போட்டுட்டேன். ஒன்றரை வருஷம். உனக்குத் துணை இருக்குன்னு நீ எழுதினதை நம்பித்தான் போட்டேன்.

செருப்பை நேரா அடுக்கறதைப் படிச்சுட்டு வெளியில மேல்தளத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்னேன். காத்து நல்லா அடிச்சுது.

கடையில தோட்டக் கையுறை ரெண்டு ஜோடி வாங்கியிருக்கேன், நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. நீலம் அவளுக்கு. கூடவே கப்பல் மூட்டையிலேர்ந்து ஒரு கை பீன்ஸ் விதை. சூப்புல போட வச்சிருந்தது. ஈரத்துணியில சுத்தி வச்சுப் பாத்தேன், முளைக்குது.

லீவு நல்லா போச்சா? என்ன பண்ணீங்க ரெண்டு பேரும்? எல்லாத்தையும் எழுது.

அப்பா


அக்டோபர் 11

அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன்னு ஆரம்பிச்சு அடிச்சுட்டேன், பாருங்க. நல்லா இல்லப்பா.

42ன்னு யாரும் இல்ல. எங்க கிளாஸ்ல நாப்பத்தொரு பேர்தான். நான் கடைசியா சேந்தவ. இருபது ஜோடி போக நான் மிச்சம். "நாப்பத்தொண்ணு கெட்டிக்காரி, தனியா சமாளிச்சுக்குவா"ன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. ஒவ்வொரு இழுப்பறையிலயும் குத்தி வச்ச பலகையில ரெண்டு நம்பர் எழுத இடம் விட்டிருந்தாங்க. ஒரு இடம் வெறுமனே இருந்துச்சு, அதனால நானே 42ன்னு எழுதிட்டேன். அதைப் பாத்து யாரும் எதுவும் கேக்கல. யாரும் படிக்கல.

மண்ணு சாக்கடை ஓரத்துல சுரண்டினது. ஃபினாயில் கொட்டினது நான். லீவுல பத்து நாளும் பதினாறு கட்டில்ல நான் ஒருத்திதான் படுத்தேன். வார்டன் கீழ ரூம்ல. ஃபில்டர் களக்னு சத்தம் போட்டா யாரோ தண்ணி பிடிக்கறாங்கன்னு நினைச்சுக்குவேன்.

சில்வண்டுன்னு கூப்பிடறீங்க. இங்க நான் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசறேன்னு ஒரு தடவை எண்ணினேன். ஒன்பது. அதுல மூணு "பிரசெண்ட் மிஸ்".

ஏன் பொய் சொன்னேன்னா, அம்மா போனப்ப ஒரு மாசம் நீங்க கரையில இருந்தீங்க. அந்த ஒரு மாசமும் அடுப்பே பத்த வைக்கல. சமையலறை வாசல்லயே உக்காந்திருந்தீங்க. கப்பலுக்குப் போனதும்தான் சூப்பு, உப்பு, மெக்கானிக்னு எழுத ஆரம்பிச்சீங்க. கரைக்கு வந்தா மறுபடியும் அப்படி ஆயிடுவீங்களோன்னு பயம்.

ஆனா இப்ப எனக்கு முடியலப்பா. கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க.

சில்வண்டு


அக்டோபர் 25

அப்பாவுக்கு,

நலமா இருக்கீங்களா? நாங்க ரெண்டு பேரும் நலம்.

உங்க பார்சல் வந்துச்சு. கையுறை அளவு சரியா இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு படிச்சேன். நல்லதுப்பா.

பதினொண்ணாம் தேதி ஒரு லெட்டர் போட்டேன். அது வந்தா பிரிக்காம கிழிச்சுப் போட்டுடுங்க. அன்னிக்குக் காய்ச்சல்ல ஏதோ உளறி எழுதிட்டேன்.

42 நீலக் கையுறை போட்டுக்கிட்டு உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னா. விதை போட்டிருக்கோம்.

உங்க சில்வண்டு


நவம்பர் 21

என் தங்கத்துக்கு,

உடம்பு எப்படி இருக்குன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. இருந்தும் கேக்கறேன். சாப்பிட்டியா?

உன் மூணு லெட்டரும் ஒரே கட்டா ஒரே நாள்ல வந்துச்சு. தேதி பாத்து அடுக்கி வச்சுப் படிச்சேன். கிழிக்கச் சொன்னதையும் பிரிச்சேன், நாலு தடவை படிச்சேன். அன்னிக்குக் கப்பல்ல சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம். சோறு அடி பிடிச்சது. இருபத்திரெண்டு பேர்ல ஒருத்தன் கூடக் குறை சொல்லல, மெக்கானிக் உட்பட.

நீ உன் பொய்யைச் சொல்லிட்டே. இப்ப நான் என்னோடதைச் சொல்றேன்.

42 இல்லைன்னு எனக்கு முதல் லெட்டர்லயே தெரியும்.

வெயிலைப் பாத்தா மூணு தும்மல் உங்கம்மாவுக்கு. "ஆச்சு"ன்னு முடிப்பா. நாங்க கல்யாணம் ஆகி வெளியில வந்து நின்ன நிமிஷமே மூணு தும்மல், எல்லாரும் சிரிச்சாங்க. ஆரஞ்சுத் தோலைக் காதுல மாட்டிக்கிட்டு ஆடினது அவதான், உனக்கு ரெண்டு வயசு, கைதட்டிச் சிரிப்பே. முதல் வரிக்கு மேல அவளுக்கு எந்தப் பாட்டும் தெரியாது. கோபம் வந்தா செருப்பை அடுக்குவா. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தா வாசல்ல செருப்பு வரிசையைப் பாத்துத்தான் உள்ள போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன். உனக்கு ஒன்பது வயசுல போயிட்டா. உனக்கு அவ்வளவு ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சேன். உனக்கே தெரியாம அவளைத்தான் எழுதிக்கிட்டிருந்திருக்கே.

தெரிஞ்சதும் நான் என்ன பண்ணியிருக்கணும்? பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கணும். நான் என்ன பண்ணேன்? "அவளைப் பத்தி இன்னும் எழுது"ன்னேன். வாயைப் பொத்திச் சிரிப்பாளான்னு நானே எடுத்துக் கொடுத்தேன். என் பொண்ணு தனியா கிடக்கான்னு தெரிஞ்சும், அடுத்த லெட்டர்ல அவ என்ன பண்றான்னு படிக்கக் காத்துக்கிட்டிருந்தேன். அந்த லெட்டர் நின்னுடுமோன்னு பயந்துதான் கையெழுத்துப் போட்டேன். உன்னை நம்பிப் போட்டேன்னு எழுதினது பச்சைப் பொய். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு சமையல்காரனுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் மறைச்சேன். என்னை மன்னிச்சுடுன்னு கேக்கறேன். உடனே மன்னிக்க வேண்டாம். செருப்பை அடுக்கு, நான் வெளியில நிக்கறேன்.

அந்த அடுப்பு விஷயம். நீ சொன்னது சரி. அவ நிக்காத சமையலறையில நிக்கப் பயந்தேன். அது என் பயம். அதை நீ சுமந்திருக்கே, பன்னிரண்டு வயசுல.

கேப்டன்கிட்ட பேசிட்டேன். போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது, ஆனா மாத்து ஆள் வந்தா இறங்கலாம்னார். பிப்ரவரியில ஆள் வருது. அதுவரைக்கும் பொறுத்துக்கோ தங்கம். அந்த 42ங்கிற இடத்தை யாருக்கும் கொடுத்துடாதே.

அப்பா


டிசம்பர் 16

அப்பாவுக்கு,

சாப்பிட்டேன். நீங்களும் சாப்பிடுங்க, அடி பிடிச்ச சோறா இருந்தாலும்.

உங்க லெட்டரை மொட்டை மாடிக்குக் கொண்டு போய்ப் படிச்சேன். அம்மான்னு எனக்கு நிஜமாவே தெரியாதுப்பா. எங்கிருந்தோ தானா வந்துச்சு. கோபம் நிறைய இருந்துச்சு. ஹாஸ்டல்ல பதினாறு பேரோட செருப்பையும் அடுக்கினேன். முப்பத்திரெண்டு. அடுக்கி முடிச்சப்ப அழுகைதான் வந்துச்சு, கோபத்தைக் காணோம். ரொம்ப நேரம் அழுதேன். மனசு லேசாயிடுச்சுன்னெல்லாம் எழுத மாட்டேன். இனிமே பொய் எழுதறதில்ல.

நீங்க அனுப்பின விதையில ஏழு முளைச்சது. அஞ்சு கொடி சுவத்துல ஏறிடுச்சு. மத்த இழுப்பறையெல்லாம் இன்னும் காலிதான், மண்ணு கொண்டு வர யாருக்கும் மனசில்ல. எங்களோடது மட்டும்தான் பச்சையா இருக்கு.

இன்னொரு விஷயம். டிசம்பர்ல சூரியன் தாழ்ந்து போகுமாம். தெற்குப் பக்கம் நிக்கற ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. நேத்து முதல் தடவையா அந்த வழியா வெயில் எங்க இழுப்பறை மேல விழுந்துச்சு. அரை மணி நேரம்தான். பூ விட்டிருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டு நிமிந்தேன். வெயில் நேரா கண்ணுல பட்டுச்சு.

தும்மல் வந்துச்சுப்பா. ஒண்ணு. ரெண்டு. மூணு. எனக்குத்தான். இதுக்கு முன்னாடி எனக்கு அப்படி வந்ததே இல்ல.

எனக்குப் பின்னாடி நின்ன பதினேழாம் நம்பர் பொண்ணு, பூனை மண் கொண்டு வந்தவதான், "முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?"ன்னு கேட்டா. மூணு மாசத்துல கிளாஸ்ல ஒருத்தி என்கிட்ட பேசின முதல் பேச்சு அதுதான்.

நான் "ஆச்சு"ன்னேன்.

பலகையில 42 அப்படியே இருக்கு. மழையில கொஞ்சம் அழிஞ்சிருந்தது, மேல எழுதியிருக்கேன். நீலக் கையுறையைக் கட்டில் கம்பியில மாட்டி வச்சிருக்கேன். உங்க கைக்குப் பத்தாது. இருந்தாலும் வாங்க.

சில்வண்டு